நாடாவின் கண்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை இயற்பியல்

ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர் நம்மில் எவரும் இரார். நூலின் முனையை நாவில் நனைத்து, இரு விரலால் முறுக்கி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு ஊசிக் காதை நோக்கி நீட்டுகிறோம். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ நூல் நுழைந்துவிடுகிறது. ஒரு பொத்தானுக்கு ஒரு முறை கோத்தால் போதும் என்பதால் இதை ஒரு வேலையாகவே நாம் மதிப்பதில்லை. இதையே ஒருவர் ஒரு நாளில் இருநூறு முறை செய்ய வேண்டுமென்றால்? அதுவும் கையால் அன்றி வாயால் செய்ய வேண்டுமென்றால்?

நான் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓசைக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். என் அத்தை முப்பது ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறார். நான்கு தறிகள் அவர் பொறுப்பில். துண்டு ஓடும் கூடம் அது. சிறு வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. சாப்பிடும் முன் அத்தை வெளியே வந்து வாய் கொப்பளித்துத் துப்புவார். அந்தத் தண்ணீரின் நிறத்தைக் கொண்டே இன்றைக்குத் தறியில் என்ன நிறத் துண்டு ஓடுகிறது என்று நாங்கள் பிள்ளைகள் பந்தயம் கட்டிச் சொல்வோம். நீலம் என்றால் நீலம், மெரூன் என்றால் மெரூன். அக்காலத்தில் அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. கல்லூரிக்கு வந்து அழுத்த வேறுபாடு, பாய்மங்களின் ஓட்டம் என்றெல்லாம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நிறத் தண்ணீர் எனக்கு உறுத்தலாயிற்று. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

தறியைக் காணாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். துணி என்பது இருவகை நூல்களின் பின்னல். நீளவாக்கில் ஆயிரக்கணக்கில் இழுத்துக் கட்டப்பட்டவை பாவு நூல்கள். அவற்றின் ஊடே குறுக்காக ஓடுவது ஊடை நூல். பாவு நூல்களில் பாதி மேலேயும் பாதி கீழேயும் பிரியும்போது இடையே உண்டாகும் வழியில், படகு போன்ற வடிவுடைய ஒரு மரக்கருவி இப்பக்கமிருந்து அப்பக்கம் பாய்கிறது. அதுவே நாடா. நாடாவின் வயிறு குடைந்திருக்கும். அதற்குள் ஊடை நூல் சுற்றிய தார் பொருத்தப்பட்டிருக்கும். நாடாவின் ஒரு முனைக்கு அருகே, பக்கவாட்டில், பீங்கான் வளையம் பதித்த ஒரு சிறு துளை உண்டு. தாரிலிருந்து அவிழும் நூல் உள்ளிருந்து அத்துளையின் வழியே வெளிவந்துதான் துணியில் சேர வேண்டும். இத்துளையைத்தான் நாடாவின் கண் என்கிறேன். நூல் கண்ணின் வழியே வராமல் நாடாவின் வாய்ப்புறமாகவே வந்தால் என்ன என்று கேட்கலாம். நாடா பாயும் வேகத்தில் நூல் கண்டபடி துள்ளும், இறுக்கம் இராது, துணியின் ஓரம் கெடும். எனவே கண் தேவை.

தார் தீர்ந்ததும் நெசவாளி தறியை நிறுத்துகிறார், நாடாவை எடுக்கிறார், காலித் தாரைக் கழற்றிப் புதுத் தாரை மாட்டுகிறார், நூல் முனையைக் கண்ணின் உட்புறத்தருகே கொண்டுபோய், வெளிப்புறத் துளையில் உதட்டை வைத்து, 'சுர்' என்று உறிஞ்சுகிறார். நூல் வெளியே வந்து உதட்டில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு விநாடி வேலை.

இதில் உள்ள இயற்பியல் எளியது. வாயினுள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று நாடாவின் உட்புறத்திலிருந்து துளை வழியே வாய்க்குள் பாய்கிறது. துளை குறுகலாதலால் அங்கே காற்றின் வேகம் மிகுதி. காற்று மட்டும் வந்துவிட்டு நூல் ஏன் பின்தங்குவதில்லை என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி. பருத்தி நூலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் அதன் உடலெங்கும் நுண்ணிய பஞ்சிழைகள் மயிர்போல் துருத்தி நிற்பதைக் காணலாம். பாயும் காற்று அம்மயிர்களைப் பற்றி இழுக்கிறது. நூலும் உடன் வருகிறது. நூலோடு பஞ்சுத் தூசியும், சாயப் பொடியும், கஞ்சியும், நாடாவில் படிந்த எண்ணெயும் சேர்ந்தே வருகின்றன என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்!

இது எத்தனை முறை நிகழ்கிறது? ஒரு நாள் அத்தையின் கூடத்தில் அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 40 கண்டிகை, கண்டிகை ஒன்றுக்கு 840 கெஜம், ஆக 33,600 கெஜம். ஒரு தாரில் ஏறக்குறைய 27 கிராம் நூல் இருப்பதாகக் கொண்டால் அது 2,000 கெஜம் ஆகும். தறியில் ஒரு முறை நாடா ஓட ஒன்றரை கெஜம் நூல் செலவாகிறது என்றால் ஒரு தார் 1,333 ஓட்டங்களுக்கு வரும். நிமிடத்துக்கு 140 ஓட்டம் என்ற வேகத்தில் ஒன்பதரை நிமிடத்தில் தார் தீர்ந்துவிடும். எட்டு மணி நேரத்தில் ஒரு தறிக்கு 50 தார். நான்கு தறிக்கு 200. நூல் தடிமன் கூடி 20-ஆம் நம்பர் ஆனால் நீளம் பாதியாகும். உறிஞ்சுவது 400 முறையாகும். இடையில் ஊடை அறுந்தால் மறுபடி கோப்பது இக்கணக்கில் சேரவில்லை.

பகலில் அத்தை உறிஞ்சிய அதே நாடாவை இரவு முறைக்கு வருகிறவர் உறிஞ்சுகிறார். அவ்வாறு வந்த ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் காசநோய் கண்டது. அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் மருந்துண்டு அவர் குணமடைந்துவிட்டார். அந்நோய் நாடாவால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது பெரும்பாலும் இருமும்போது காற்றின் மூலம் பரவும் நோய். ஆனால் அந்த ஆறு மாதமும் அத்தை நாடாவை எடுத்ததும் முந்தானையால் ஒரு முறை துடைத்துவிட்டே உறிஞ்சினார். துடைத்தால் போதுமா என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ணியிருந்தேன். நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் இவ்வழக்கத்தின் பெரும் தாயகம் இங்கிலாந்தின் லங்காஷயர் என்று அறிந்தேன். உலகின் பருத்தித் துணியில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் நெய்து குவித்த அப்பகுதியில் இதற்கு 'நாடாவை முத்தமிடுதல்' என்று பெயர். 1733-இல் ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1785-இல் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். 1840-களில் கென்வொர்த்தி, புல்லோ ஆகிய இருவரின் முயற்சியால் ஊடை அறுந்தால் தானே நிற்கும் லங்காஷயர் தறி உருவாயிற்று. பாவைப் பிரிப்பது, நாடாவை அடிப்பது, ஊடையை நெருக்குவது, துணியைச் சுருட்டுவது ஆகிய அனைத்தும் இயந்திரத்தின் பொறுப்பாயின. எஞ்சியது ஒன்றே ஒன்று. தார் தீர்ந்ததும் புதுத் தாரின் நூலைக் கண்ணில் கோப்பது. அதற்கு மட்டும் மனித வாய் தேவைப்பட்டது. நீராவி இயந்திரம் நூற்றுக்கணக்கான தறிகளை ஒரே அச்சில் சுழற்றிய அக்கூடங்களில், ஒவ்வொரு தறியும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு பெண்ணின் மூச்சுக்காகக் காத்து நின்றது!

இவ்விடத்தில் கண்டுபிடிப்பாளர்கள் திகைத்து நின்றதில் வியப்பில்லை. ஒரு சிறு துளைக்குள் தளர்ந்த நூலின் முனையை நுழைப்பது இயந்திரத்துக்கு மிகக் கடினம். இரும்புக்கு வலிமை உண்டு. ஆனால் தொங்கும் நூலுக்கு விறைப்பு இல்லை. அதைத் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுப்பதற்கோ அது முன்பே துளையின் அப்புறம் வந்திருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவரின் வரலாறு சுவையானது.

ஜேம்ஸ் ஹென்றி நார்த்ராப் என்பவர் 1856-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கீத்லி என்னும் ஊரில் பிறந்தவர். நெசவு இயந்திரங்களோடு பழகியவர். 1881-இல் அமெரிக்கா சென்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோப்டேல் என்னும் சிற்றூரில் நெசவு இயந்திரம் செய்துவந்த டிரேப்பர் நிறுவனத்தில் வேலையில் சேர்ந்தார். நூலைத் தானே முடிச்சிடும் கருவி ஒன்றை ஆக்கித் தரும்படி அவரைப் பணித்தனர். அது கைகூடவில்லை. மனம் சோர்ந்த நார்த்ராப் இயந்திரங்களை விட்டுக் கோழி வளர்க்கப் போனார். ஆனால் கோழிகளுக்கு நடுவிலும் தறி அவர் மனத்தை விடவில்லை போலும். 1889 மார்ச்சில், தன் கோழிக் கொட்டகையில் மரத்தால் செய்து வைத்திருந்த ஒரு மாதிரியை நிறுவனத்தாரிடம் காட்டினார். அவ்வாண்டு அக்டோபரிலேயே அவருடைய தறி ஃபால் ரிவர் நகரில் ஓர் ஆலையில் சோதனைக்கு ஓடியது. பின்னும் சில ஆண்டுகள் திருத்தி, 1894-இல் நார்த்ராப் தறி விற்பனைக்கு வந்தது.

அதில் நடப்பது இது. தறியின் ஓர் ஓரத்தில் வட்டமான ஒரு கூண்டு உண்டு. அதில் நூல் சுற்றிய தார்களை, ரிவால்வர் துப்பாக்கியில் குண்டுகளை அடுக்குவதுபோல், வரிசையாக அடுக்கி வைப்பர். ஒவ்வொரு தாரின் நூல் முனையையும் கூண்டின் பக்கத்திலுள்ள குமிழில் விரலால் சுற்றிவிட்டால் போதும். தறியில் ஓடும் தார் தீர்ந்துவிட்டதை ஓர் உணர்கருவி அறிகிறது. உடனே ஒரு சுத்தி இறங்கிப் புதுத் தாரை நாடாவினுள் அழுத்துகிறது. புதுத் தார் உள்ளே புக, பழைய தார் நாடாவின் அடிப்புறமாக வெளியேறிக் கீழே உள்ள பெட்டியில் விழுகிறது. தறி நிற்பதில்லை. நிமிடத்துக்கு 160 ஓட்டம் என்றால் ஓர் ஓட்டத்துக்கு 0.375 விநாடி, அதிலும் ஒரு சிறு பகுதிக்குள் இம்மாற்றம் முடிந்துவிட வேண்டும்.

சரி, தார் மாறிவிட்டது. நூலைக் கண்ணில் கோப்பது யார்? இங்கேதான் நார்த்ராப்பின் நுட்பம் விளங்குகிறது. துளைக்குள் முனையை நுழைப்பது எப்படி என்று அவர் தலையை உடைத்துக்கொள்ளவில்லை. துளையையே திறந்துவிட்டார். நாடாவின் முனையில் ஓர் உலோகக் கட்டையைப் பதித்து, அதன் மேற்புறம் நீளவாக்கில் ஒரு பிளவை அமைத்தார். அப்பிளவு உள்ளே வளைந்து சென்று பக்கவாட்டுக் கண்ணில் முடிகிறது. புதுத் தாரின் நூல் முனை கூண்டின் குமிழில் கட்டுண்டு நிற்கிறது. நாடாவோ பாய்ந்து ஓடுகிறது. ஆக, இரண்டுக்கும் நடுவே நூல் விறைத்து இழுபடுகிறது. முதல் ஓட்டத்தில் அந்த இழுப்பிலேயே நூல் மேற்புறப் பிளவுக்குள் இறங்கிவிடுகிறது. நாடா திரும்பி வரும் இரண்டாம் ஓட்டத்தில் நூல் பக்கவாட்டில் இழுக்கப்பட்டுக் கண்ணுக்குள் சென்று அமர்கிறது. மேலே கொம்புபோல் வளைந்து நிற்கும் ஒரு சிறு முனை, நூல் மீண்டும் வெளியேறாதபடி தடுக்கிறது. துணியோரத்தில் உள்ள கத்தி எஞ்சிய முனையை நறுக்கிவிடுகிறது. கோத்தல் முடிந்தது. மூச்சும் வேண்டாம், உதடும் வேண்டாம்.

நூலின் முனை துளையின் வழியே போகவேயில்லை என்பதைக் கவனியுங்கள். நூலின் நடுப்பகுதி பக்கவாட்டில் வழுக்கி உள்ளே விழுந்தது. நாம் கையால் செய்வதை அப்படியே செய்யும் ஓர் இரும்புக் கையை நார்த்ராப் தேடியிருந்தால் கடைசிவரை கோழிதான் வளர்த்திருப்பார். எனக்கு இக்கண்டுபிடிப்பில் மிகவும் பிடித்தது இதுவே. பிளவு வழியே நுழைந்த நூல் சில வேளை கண்ணில் சரியாக அமராமல் போவதுண்டு. அப்போது ஊடை அறுந்து தறி நிற்கும். முழுமையான தீர்வு அன்று. ஆயினும் பழைய தறிகளில் ஒருவர் ஏறக்குறைய எட்டுத் தறி வரையே பார்த்திருக்க, நார்த்ராப் தறிகளில் பதினாறும் அதற்கு மேலும் பார்க்கலாயினர். இதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. வாய் ஓய்ந்த இடத்தில் சிலருடைய வேலையும் ஓய்ந்தது.

ஜப்பானின் சகிச்சி டொயோடா இதே சிக்கலை வேறு வழியில் கடந்தார். 1924-இல் அவர் நிறைவு செய்த 'ஜி' வகைத் தறி, தாரை மாற்றாமல் நாடாவையே மாற்றியது. நூல் கோத்து வைத்த நாடாக்கள் வரிசையில் காத்திருக்கும்; ஒன்று வெளியேற மற்றொன்று புகும். தறி நிற்காது. ஆனால் காத்திருக்கும் நாடாவில் யாரோ ஒருவர் முன்பே நூலைக் கோத்து வைத்திருக்க வேண்டும். சிக்கல் தீரவில்லை, தறியின் நேரத்திலிருந்து தொழிலாளியின் நேரத்துக்கு இடம் மாறியது என்பேன். இத்தறியின் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது. அத்தறிக் குடும்பத்திலிருந்தே பின்னாளில் டொயோட்டா கார் பிறந்தது என்பதை நண்பர்கள் அறிவர்.

வாயால் உறிஞ்சும் நாடாவை மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நார்த்ராப் தறி பிறந்த மண் அது. மாற்று வழி கண்முன் இருந்தது. ஆனால் அவர் பிறந்த நாட்டில் கதை வேறு. லங்காஷயரில் இவ்வழக்கம் தடை செய்யப்பட்டது 1952-இல். இடையே 41 ஆண்டுகள்! தடைக்குப் பின்னும் சில இடங்களில் அது தொடர்ந்ததாக எழுதியிருக்கிறார்கள். நார்த்ராப் தறி விலை மிகுந்தது என்பது உண்மை; பழைய தறிகள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன என்பதும் உண்மை. ஆனால் புதுத் தறி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. கண்ணில் ஒரு பிளவு வைத்து, விரலால் நூலை வழுக்கிவிடும் கைக்கோப்பு நாடாவும் அப்போதே இருந்தது. பழைய தறியிலேயே அதை ஓட்டலாம். முதலாளிகள் அதற்கும் செலவிட மனம் கொள்ளவில்லை. ஏன் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. விளங்கியது அத்தையிடம் நான் ஒரு சோதனை செய்தபோதுதான்.

சென்ற கோடை விடுமுறையில், மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியை வளைத்து ஒரு கொக்கி செய்தேன். அதைக் கண்ணின் வெளிப்புறமாக உள்ளே விட்டு, நூலைப் பற்றி இழுத்தால் நூல் வெளியே வந்துவிடும். அத்தையிடம் கொடுத்து, கைக்கடிகாரத்துடன் அருகே நின்றேன். வாயால் இரண்டு விநாடி. கொக்கியால் முதல் நாள் பன்னிரண்டு விநாடி. ஒரு வாரம் பழகிய பின் ஏழு விநாடி. அதற்குக் கீழே இறங்கவில்லை.

நான் உற்சாகமாகக் கணக்குப் போட்டேன். ஒரு முறைக்கு ஐந்து விநாடி அதிகம். 200 முறைக்கு 1,000 விநாடி, அதாவது 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு தறிகள் எட்டு மணி நேரம் ஓடும் மொத்தக் காலம் 1,15,200 விநாடி. ஆக, இழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சரியாகச் சொன்னால் 0.87. நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் நாலு ரூபாய் சொச்சம். "நாலு ரூபாய்க்காகவா அத்தை இந்தச் சாயத்தையெல்லாம் விழுங்கறீங்க?" என்று கேட்டேன்.

அத்தை சிரித்தார். "உன்ற கணக்குல ஒரு தறி நின்னா மத்த மூணும் ஒழுங்கா ஓடுது கண்ணு. எங்கூட்டுத் தறி அப்படி ஓடாது. நான் இங்க குனிஞ்சு கொக்கி போட்டுட்டு இருக்கறப்ப அங்க பாவு அறுந்திருக்கும். அதக் கட்டறதுக்குள்ள மூணாவது நின்னுரும்" என்றார்.

அவர் சொன்னது சரி. தறிகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும்போது சிறு தாமதங்கள் கூட்டலாக மட்டும் ஏறுவதில்லை, ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. புள்ளியியல் வகுப்பில் வரிசைக் கோட்பாடு என்று படித்ததை அத்தை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தறிக்கு ஓர் உபரி நாடா இருந்தால், ஓடும் நேரத்திலேயே அடுத்த நாடாவை ஆற அமரக் கோத்து வைக்கலாம். பல கூடங்களில் அப்படி வைத்திருக்கிறார்கள். அத்தையின் கூடத்தில் தறிக்கு ஒரே நாடா. மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வாயே மிக வேகமான கருவி. அதற்கு விலையும் கிடையாது. லங்காஷயரில் நாற்பது ஆண்டு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

பிளவு வைத்த நாடாவையும் விட்டுவைக்கவில்லை. உடைந்த நாடா ஒன்றின் கண்ணை அரம் கொண்டு நானே பிளந்தேன். தறியில் போட்ட பத்தாவது ஓட்டத்தில் நூல் பிளவு வழியே வெளியே துள்ளிவிட்டது. நேராகப் பிளந்தது என் தவறு. வளைத்து, கொம்பு வைத்திருக்க வேண்டும். நார்த்ராப் ஏன் அத்தனை ஆண்டு திருத்தினார் என்பது அப்போது புரிந்தது.

பாவு நூலைக் கோப்பதைப் பற்றியும் ஓரிரு சொல். 50 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 60 நூல் என்றால் 3,000 பாவு நூல்கள். அவை ஒவ்வொன்றும் விழுதின் கண்ணிலும், அச்சின் பல்லிடையிலும் நுழைய வேண்டும். புதுப் பாவு ஏற்றும்போதெல்லாம் இதை முதலிலிருந்து செய்ய முடியாதாகையால், பழைய பாவின் முனையோடு புதியதன் முனையைப் பிணைத்து இழுத்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பாவு பிணைப்பவர்கள் விரலில் சாம்பலைத் தொட்டு 3,000 முனைகளையும் முறுக்குவதைப் பார்த்தால் கண் நம்பாது. அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் பார்பர்-கோல்மன் நிறுவனத்தார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு முடிச்சு இயந்திரம் செய்துவிட்டனர். இன்று விழுதுக் கண்ணில் நேரே கோக்கும் இயந்திரங்களும் உண்டு. ஆனால் அங்கே கை வலிக்குமே தவிர வாய்க்கு வேலையில்லை. எனவே மேலே செல்கிறேன்.

இன்றைய தறிகளில் நாடாவே இல்லை. 1950-களில் சந்தைக்கு வந்த சுல்சர் தறியில் சுமார் 40 கிராம் எடையுள்ள ஓர் எஃகுத் துண்டு நூல் முனையைப் பல்லால் கவ்விக்கொண்டு பறக்கிறது. ரேப்பியர் தறியில் ஒரு நீண்ட கை நூலைக் கவ்விக் கொடுக்க, மறுபுறத்துக் கை வாங்கிச் செல்கிறது. கவ்வுவதற்குக் கண் எதற்கு? காற்றுத் தறியிலோ கவ்வவும் ஒன்றுமில்லை. அழுத்திய காற்றே நூலை ஏந்திச் செல்கிறது. நிமிடத்துக்கு 600-க்கு மேல் ஓட்டங்கள். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

பல்லடம் பக்கம் அப்படி ஒரு கூடத்தில் அத்தை மகன் வேலை செய்கிறார். எனக்கு மச்சான் முறை. சென்ற தீபாவளி முடிந்த வாரம் அத்தையையும் என்னையும் அழைத்துப்போய்க் காட்டினார். அங்கும் கோக்க வேண்டியது இருக்கிறது. கோனிலிருந்து வரும் நூல் முதலில் ஒரு சேமிப்பு உருளையைக் கடந்து, பிறகு முதன்மை ஊதுகுழலின் மெல்லிய துளைக்குள் புக வேண்டும். கோன் மாறினாலோ நூல் அங்கே அறுந்தாலோ மறுபடி கோக்க வேண்டும். மச்சான் நூல் முனையை உருளையின் பின்வாயில் காட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். 'புஸ்' என்றது. நூல் மறுபுறம் வந்து நின்றது. நடுவில் அது போன வழியைக் கண் காணவில்லை. துணிக்குள் ஊடை அறுந்தால், அறுந்த துண்டைத் தானே வெளியே இழுத்து எறிந்துவிட்டு, ஆளைக் கூப்பிடாமல் மறுபடி ஓடத் தொடங்கும் தறிகளும் அக்கூடத்தில் இருந்தன.

இதன் தத்துவம் நம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். குழலின் நடுவே அழுத்திய காற்று முன்னோக்கி வேகமாகப் பாயும்போது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அவ்வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று பின்வாய் வழியே உள்ளே விரைகிறது. அருகே உள்ள நூலின் பஞ்சு மயிர்களைப் பற்றி உடன் இழுத்துக்கொள்கிறது. நான் இதை மச்சானுக்கு விளக்கிக்கொண்டிருக்கையில், அத்தை மெல்லக் குனிந்து ஊதுகுழலின் பின்புறத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"ஊதுதுன்னு சொல்றீங்க, இங்க உறிஞ்சுதே" என்றார்.

நானும் விரலை வைத்துப் பார்த்தேன். இழுத்தது. கண்ணுக்குள் நூலை வரவழைக்க அத்தை முப்பது ஆண்டுகளாகச் செய்துவந்ததும் இதே அழுத்தக் குறைவுதான். இங்கே அதற்கு ஒரு மின்மோட்டாரும் காற்று அழுத்தியும் இருந்தன.

திரும்பி வந்த பின் கொக்கியை அத்தை முற்றிலும் விட்டுவிடவில்லை. கூடத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். சாய நூல் ஓடும் தறிகளுக்குக் கொக்கி. வெள்ளை ஊடைக்கு வாய். இரவு முறைக்கு வருபவரும் அதையே எடுத்துக்கொள்கிறார் என்றும், ஒன்று போதவில்லை, இன்னும் இரண்டு வளைத்துக் கொண்டுவா என்றும் போன வாரம் சொல்லியனுப்பினார். கம்பி வாங்கிவிட்டேன். இந்தத் தடவை நுனியை இன்னும் சற்றுக் குறுக்கி வளைத்தால் ஏழு விநாடி ஐந்தாகும் என்று நினைக்கிறேன்.